பூக்க மறுத்த ஆர்க்கிட்: ஒரு நர்சரியும் பதினான்கு மாதங்களும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு நர்சரியில் சென்ற ஆண்டு பொங்கலுக்கு முன்பு 950 ரூபாய் கொடுத்து வெள்ளை ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் ஒன்றை வாங்கினேன். வாங்கும்போது இருந்த ஒன்பது பூக்களும் பங்குனி வரை நின்றன. அதன்பின் இலையைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

முதல் குறை தொட்டிக்குள்ளேயே இருந்தது. இறுக்கி அடைத்த பாசியில் நட்டிருந்தார்கள். சென்னையின் புழுக்கத்தில் அது உள்ளே காய்வதே இல்லை. சித்திரையில் செடியை உருவிப் பார்த்தபோது நடுவேர்கள் பழுப்பேறியிருந்தன. மெல்ல இழுத்தால் மேல்தோல் கழன்று, நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது.

அடுத்தது, 'பூக்க வைக்கும் மருந்து' என்று அவர்கள் 280 ரூபாய்க்குக் கொடுத்த பாட்டில். நான்கு மாதம் தெளித்தும் பலனில்லை. இந்த வகை ஆர்க்கிட் பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்களாவது வெப்பநிலை சுமார் 26 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 28-ஐத் தாண்டிய சூட்டிலேயே வைத்திருந்தால் எத்தனை உரம் போட்டாலும் அது இலையைத்தான் வளர்த்துக்கொண்டிருக்கும். கோடையில் பாட்டிலை விற்றவர் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

பாராட்ட வேண்டியது அங்குள்ள வயதான தோட்டக்காரரை. 150 ரூபாய் கூலிக்கு அழுகிய வேர்களை வெட்டி, மரக்கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டை கலந்து, வேர் தெரியும்படியான பிளாஸ்டிக் தொட்டியில் மாற்றிக் கொடுத்தார். இலை கரும்பச்சையாக இருப்பதைப் பார்த்தவுடனேயே, செடி கூடத்து மூலையில் இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம், டிவிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

கிழக்கு ஜன்னலில் மெல்லிய திரைக்குப் பின்னால் வைத்தேன். வடகிழக்குப் பருவமழையில் பிடித்து வைத்த நீரையே ஊற்றினேன். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் வேர்களில் வெள்ளை உப்பைப் படியவிட்டிருந்தது. கார்த்திகை முதல் இரவில் ஜன்னலைத் திறந்தே வைத்தேன். கொசுவலையின் உதவியோடுதான். மார்கழிப் பாதியில் இலையிடுக்கில் ஒரு பச்சை முனை எட்டிப் பார்த்தது. இன்னொரு வேர் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வேரின் நுனி மழமழவென்று உருண்டிருக்கும், இது ஒரு பக்கம் மடிந்த கையுறையைப் போல் இருந்தது. இப்போது பங்குனியில் ஆறு பூக்கள் விரிந்திருக்கின்றன.

இவ்வளவு காத்திருக்க மனமில்லாதவர்கள் அதே நர்சரியில் 350 ரூபாய்க்குக் கிடைக்கும் டென்ட்ரோபியம் என்ற கலப்பின ஆர்க்கிட்டை வாங்கலாம். அந்தக் கலப்பினங்களுக்கு நம் ஊர்ச் சூடு ஒத்துவரும். பாதி நிழலுள்ள பால்கனியே போதும். ஃபலனாப்சிஸ்தான் வேண்டும் என்பவர்கள் பாசியை அன்றே மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்; மருந்துப் பாட்டில் வேண்டாம். தோட்டக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை.