மீஸின் கோபுரங்களுக்கு ஷிஃப்ட் லென்ஸா, மென்பொருள் திருத்தமா?

சிகாகோவில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1951-இல் முடித்த 860–880 லேக் ஷோர் டிரைவ் கோபுரங்கள் 26 மாடி, சுமார் 82 மீட்டர். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் உச்சியில் குவியும். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்த விடும் ஷிஃப்ட் லென்ஸால் இதைத் தடுக்கலாம், இல்லையென்றால் கணினியில் நிமிர்த்தலாம். விலை, எடை, வேகம் மூன்றிலும் மென்பொருள்தான் மேல். ஆனாலும் மீஸுக்கு ஷிஃப்ட் லென்ஸையே சொல்வேன். காரணம், விகிதம்.

ஒவ்வொரு கோபுரமும் 3-க்கு 5 கட்டம். தூண்களுக்கு இடையிலான ஒவ்வொரு கட்டத்துக்கும் 21 அடி, நான்கு ஜன்னல். வெளியே ஒட்டிய ஐ-பீம்கள் (I வடிவ எஃகுச் சட்டங்கள்) சம இடைவெளியில் நிற்க, தூண் இடம் பிடிப்பதால் கட்டத்தின் ஓர ஜன்னல்கள் நடுவிலுள்ளவற்றைவிடக் குறுகல். முகப்பின் தாளமே இந்தச் சிறு வேறுபாடுதான். 24 மி.மீ. லென்ஸை நெடுக்காகப் பிடித்து 15 டிகிரி சாய்த்தாலே போதும்: நிமிர்த்தும்போது உச்சி மாடிகள் அகலத்தில் 1.3 மடங்கும் உயரத்தில் 1.6 மடங்கும் இழுபட்டு, மெல்லிய பீம்கள் குழைந்துவிடும். மேல் விளிம்பின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்படும். தானியங்கித் திருத்தம் கோபுரத்தைக் குட்டையாக்கினால், சரியான உயரத்தைக் கண்ணளவில்தான் மீட்க வேண்டும். ஃபோன் திரையில் இதெல்லாம் தெரியாது. பெரிய அச்சில் பளிச்சென்று தெரியும்.

ஷிஃப்ட் லென்ஸில் சென்சார் முகப்புக்கு இணையாகவே நிற்கும். முக்காலியில் கேமராவை மட்டமாக்குங்கள். லென்ஸைச் சாய்க்கும் டில்ட் திருகைப் பூஜ்யத்தில் பூட்டுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் எக்ஸ்போஷரை முதலிலேயே மேனுவலில் வையுங்கள், ஷிஃப்ட் செய்தபின் மீட்டர் தவறாகக் காட்டும். லென்ஸ் துளையை எஃப்/8 முதல் 11 வரை வைத்து, லைவ் வியூவைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். அதே 24 மி.மீ. லென்ஸில் ஷிஃப்ட்டை 12 மி.மீ. முழுதும் ஏற்றினால் 65 மீட்டர் தள்ளி நின்றே உச்சி எட்டும். ஆனால் மேல் மூலைகள் மங்கும், வடிகட்டியின் விளிம்பும் எட்டிப்பார்க்கும். 10 மி.மீ. ஷிஃப்ட்டுக்கு 70 மீட்டர் போதும். உச்சிக்கு மேல் வானம் வேண்டுமானால் இன்னும் பின்வாங்குங்கள். ஷிஃப்ட்டே இல்லாமல் மட்டமாக எடுக்க 108 மீட்டர் வேண்டும்.

எந்த வழியானாலும் வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும். நேர்வெயிலில் பீம்களின் நிழல் மறைந்து கறுப்பு எஃகு தட்டையாகிவிடும்.

நியூயார்க்கில் மீஸின் 157 மீட்டர் சீக்ராம் கட்டடத்தில் கணக்கு மாறும். முழு ஷிஃப்ட்டிலும் 24 மி.மீ.க்கு 125 மீட்டர் வேண்டும். பார்க் அவென்யூவின் எதிர் நடைபாதை அவ்வளவு தள்ளி இல்லை. அங்கே அவென்யூவிலேயே தள்ளிப்போய் கோணலாக நின்று, ஷிஃப்ட் செய்து, மிச்சச் சாய்வை மட்டும் மென்பொருளுக்கு விடுவதே நடைமுறை.