வரிச்சலுகையா, கண்காட்சி அரங்கா?

கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி முந்திரியை துபாய்க்கு அனுப்ப நினைக்கும் சிறு வியாபாரிக்கு அரசு தரும் உதவிகளில் இரண்டைப் பார்ப்போம்.

2022 மே 1 முதல் நடப்பில் உள்ள இந்தியா–அமீரக வர்த்தக ஒப்பந்தம் வரிச்சலுகை தருகிறது. அதைப் பெற சரக்குக்குப் பிறப்பிடச் சான்றிதழ் (இந்தியாவில் உருவான சரக்கு என்பதற்கான சான்று) எடுக்க வேண்டும். சரி, ஆனால் அங்கே பொதுவான இறக்குமதி வரியே 5 சதவீதம்தான். வாங்க ஆள் கிடைக்காதவருக்கு அதில் என்ன மிச்சம்?

துபாய் கல்ஃபுட் உணவுக் கண்காட்சியில் அபீடா (மத்திய அரசின் வேளாண் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) அமைக்கும் இந்திய அரங்கில் ஆளையே நேரில் பார்க்கலாம். பருப்பைக் கடித்துப் பார்ப்பவர்தான் நம்பி ஆர்டர் தருவார். முதல்முறை போகிறவருக்கு என் தேர்வு இதுதான். அப்புறம், கண்காட்சி ஆண்டின் தொடக்கத்தில் நடக்கிறது.