ஒரு லட்சம் லூமன் டார்ச் வாங்கி ஏமாந்த கதை

எங்கள் பக்கம் மும்முனைக் கரண்டு ராத்திரியில்தான் வருகிறது. பதினொன்றரை மணிக்கு மோட்டார் போட வரப்பில் நடப்பவனுக்கு டார்ச் லைட் விளையாட்டுச் சாமான் இல்லை. கட்டுவிரியன் இரை தேடுகிற நேரமும் அதுதான். ஆன்லைனில் 'ஒரு லட்சம் லூமன், 9900 எம்.ஏ.எச். பேட்டரி' என்று பார்த்ததும் 899 ரூபாயைக் கட்டிவிட்டேன். லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு, எம்.ஏ.எச். என்பது பேட்டரி எவ்வளவு கரண்டைச் சேர்த்துவைக்கும் என்கிற அளவு.

முதல் நாள் வாசலில் நின்று அடித்தால் தென்னை உச்சியில் குலை தெரிந்தது. பத்தாம் நாள் வாய்க்கால் மதகைத் தாண்டுவதற்குள் மங்கி, இரண்டு தடவை மினுக்கி, அணைந்துவிட்டது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. செல்போன் வெளிச்சத்தில் தரையைத் தட்டித் தட்டி வீடு வந்தேன்.

மறுநாள் பேட்டரியைக் கழற்றி மோட்டார் காயில் கட்டும் தம்பியிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கியதுமே சிரித்துவிட்டான். "அண்ணே, இது 18650 அளவு லித்தியம் செல்லு. நல்லதுன்னா நாப்பத்தஞ்சு கிராமாவது இருக்கும். இது பஞ்சு மாதிரி இருக்கே?" பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 27 கிராம். அவனுடைய டெஸ்டரில் போட்டதற்கு 740 எம்.ஏ.எச். காட்டியது. இந்த அளவில் நல்ல கம்பெனி செல்லே 3500-ஐ ஒட்டித்தான் கொடுக்குமாம்.

லூமன் கணக்கும் அப்படித்தான். காரின் ஹாலஜன் ஹெட்லைட் பல்பே 1500 லூமனுக்குப் பக்கம்தான். அப்படிப் பார்த்தால் என் கையில் அறுபதுக்கு மேல் ஹெட்லைட் இருந்திருக்க வேண்டும்!

எல்.இ.டி.யைக் குறை சொல்லவில்லை. அப்பா வைத்திருந்த மூன்று கட்டை டார்ச் கீழே விழுந்தால் பல்பில் இழை அறுந்துவிடும். பின்மூடிக்குள் மாற்று பல்பு ஒன்று எப்போதும் இருக்கும். எல்.இ.டி.யில் அறுவதற்கு இழையே கிடையாது, கட்டையும் நெடுநாள் வரும். வகை பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். நான் வாங்கியது தலையை இழுத்துக் குவிக்கிற ஜூம் வகை. குவித்தால் தூரத்து மரம் தெரியும், காலடி தெரியாது. வரப்புக்கு அகல வெளிச்சம் வேண்டும். மண்வெட்டி பிடிக்கிறவர்களுக்கு நெற்றியில் மாட்டுகிற ஹெட்லேம்ப்தான் சரி. சுவரில் செருகிச் சார்ஜ் போடுகிற லெட் ஆசிட் (ஈய பேட்டரி) டார்ச்சைத் தீர்ந்தபடியே இரண்டு மாதம் போட்டுவைத்தால் பேட்டரி செத்துவிடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஏழு நாள் கெடு முடிந்துவிட்டதாம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நீங்கள் வாங்கினால் வந்த அன்றே செல்லைக் கழற்றி எடை போடுங்கள். அதன்மேல் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று காட்டும். என் செல்லில் வெறும் 9900 மட்டும்தான் பெரிதாக அச்சடித்திருந்தது.

போன வாரம் டவுன் கடையில் வேறு ஒன்று வாங்கினேன். அட்டையில் 400 லூமன் என்றுதான் போட்டிருந்தது. செல்லைக் கழற்றித் தராசு கேட்டதும் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். 47 கிராம்.