எண்ணெய் உறிஞ்சும் ஷீட்: வாங்கலாமா?

வடசென்னை மணலியில் ஓர் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறேன். போன மாதம் பம்ப் கசிந்து, மழைநீர்க் கால்வாய்க்கு இரண்டடி தள்ளி ஒரு பக்கெட் டீசல் தேங்கியது. அப்போதுதான் இந்த வெள்ளை ஷீட்டைப் பிரித்தோம். பாலிப்ரொப்பிலீன் என்பதால் தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் குடிக்கிறது. ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறுவது கண்ணெதிரே தெரிந்தது. மரத்தூளுக்கு இனி வேலையில்லை. ஒரே குறை, ஊறிய ஷீட்டைத் தூக்கினால் சொட்டுகிறது. அடியில் தட்டு பிடிக்க வேண்டும். அப்புறம், அதைக் குப்பையில் போடக்கூடாது, அபாயகரமான கழிவுதான்.

ஷீட் பெட்டியோடு வந்த கசிவுப் பதிவுப் படிவம் உருப்படியானது: நேரம், அளவு, எங்கே பரவியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அன்றே மெயில் போட்டுவிட்டேன். "இத்தனூண்டுக்கா சார்?" என்றான் ஹெல்ப்பர். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படகெல்லாம் கருத்து நின்றதை அவன் பார்க்கவில்லை போல.