செம்பரம்பாக்கம்: நிறைத்து வைப்பதா, முன்கூட்டியே திறப்பதா?

சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வடகிழக்குப் பருவமழை வலுத்ததும், ஏரியை நிறைத்து வைப்பதா, முன்கூட்டியே திறப்பதா என்ற கேள்வி வந்துவிடும்.

நிறைத்து வைக்கச் சொல்பவர்களின் பயம் நியாயமானது. 2019 கோடையில் ஏரித் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சென்னைத் தெருக்களில் பிளாஸ்டிக் குடங்கள் லாரிக்காக வரிசை கட்டி நின்றன. அதைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீரை ஆற்றில் விடுவது கைக்காசை வீசுவது போலத்தான் இருக்கும்.

ஆனால் நிரம்பிய ஏரியில் பெருமழை கொட்டினால் வருகிற நீரை அப்படியே கீழே விட்டாக வேண்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். ஏரி நீர் போய்ச் சேரும் அடையாறு, சிற்றேரிகளின் உபரிநீரால் ஏற்கெனவே கரைபுரண்டிருந்த நேரம் அது.

கணக்கைப் பாருங்கள். 22 அடிக்கும் 24 அடிக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ 500 மில்லியன் கன அடி. வினாடிக்கு 1,000 கன அடி வீதம் திறந்தால் ஆறு நாளில் வடியும். அடையாறு அதைத் தாங்கும். அதே நீரை 29,000 வீதம் விட்டால் ஐந்து மணி நேரம்கூட ஆகாது. இரண்டடி இடம் அவ்வளவு பெரிய வெள்ளத்தை முழுதாகத் தடுக்காது. ஆனாலும் கரையோர மக்கள் பாட்டி தாத்தாவைக் கைத்தாங்கலாக மேட்டுக்குக் கொண்டுபோக, அந்த இடம் நிரம்பும்வரை கிடைக்கும் சில மணி நேரம் போதும்.

அதனால் நான் முன்கூட்டித் திறக்கும் பக்கம். நவம்பர் முழுக்க 22 அடி, மழை ஓயும்போது 24. குறைந்தால் பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாயில் கொண்டுவரலாம்.