கையால் ஓடுபவன் பார்வையில் டாஸ்டுடியோ

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டைக் கன்ட்ரோலர் பிடித்து நிஜ நேரத்தில் ஓடுகிறவன் நான், அதாவது முடிந்தவரை வேகமாக ஆடி முடிக்கப் பார்க்கிறவன். டாஸ் (TAS) ஓட்டங்களை, அதாவது கருவியின் உதவியோடு பட்டன்களை ஒவ்வொன்றாகக் குறித்து உருவாக்கும் ஓட்டங்களை, வாய்பிளந்து பார்த்ததோடு சரி, செய்து பார்த்ததில்லை. பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் பிஸ்ஹாக் எமுலேட்டரோடு இலவசமாக வரும், டாஸ் உருவாக்கும் கருவியான டாஸ்டுடியோவை மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறேன்.

திறந்தால் நீளமான ஒரு அட்டவணை. ஒரு வரி ஒரு பிரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம்; நொடிக்குச் சுமார் 60 வரி. எந்த வரியில் எந்த பட்டன் என்று மவுஸால் குறித்துவிடலாம். ஓடி முடிந்த வரிகள் பச்சையாக நிற்கும். நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குக் கீழே பச்சை அழிந்துவிடும், மறுபடி ஓட்ட வேண்டும்.

முதலில் 4-2-வை, அதாவது நான்காம் உலகின் இரண்டாம் கட்டத்தை எடுத்தேன். அங்கே முகத்தை இடப்பக்கம் திருப்பியபடி வலப்பக்கம் தாவி பிளாக்கில் முதுகை இடித்தால், திரை நகராமல் மாரியோ மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளிப்போவான். தேவையான அளவு தள்ளிவிட்டுக் குழாயில் இறங்கினால், செடிக்கொடியில் ஏறாமலே வார்ப் அறை, அதாவது பின்னால் உள்ள உலகங்களுக்குத் தாண்டிப்போகும் அறை. எனக்குப் பத்தில் ஆறு முறை தவறும், காரணம் தெரியாது. பிரேம் பிரேமாக நகர்த்தியபோதுதான் பிடிபட்டது: இடது பட்டனுக்கும் தாவலுக்கும் நடுவே இரண்டு பிரேம் அதிகம் விடுகிறேன், அதற்குள் வேகம் இறங்கிவிடுகிறது. வருடக்கணக்கில் கை சொல்லாததை அட்டவணை ஒரே இரவில் சொன்னது.

டாஸை ஏமாற்று என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டாஸ் என்று சொல்லி வெளியிட்டால் அது வேறொரு கலை, அவ்வளவுதான். இந்த விளையாட்டில் டாஸும் கையோட்டமும் வெகு நெருக்கம். கடைசிக் கட்டமான 8-4 தவிர மற்ற கட்டங்களின் முடிவை விளையாட்டே 21 பிரேமுக்கு ஒருமுறைதான் கவனிக்கிறது. சில பிரேம் முந்தினாலும் பல இடங்களில் லாபமில்லை. ஒரு பிரேம் பிந்தினால் 0.35 நொடி போச்சு. 2021-இல் மனிதக் கை முழு விளையாட்டையும் 4 நிமிடம் 55 நொடிக்குள் முடித்துவிட்டது.

ஆனால் டாஸை அப்படியே காப்பியடிக்க முடியாது. டாஸில் இடமும் வலமும் ஒன்றாக அழுத்தலாம், என் கன்ட்ரோலரில் நடக்காது. டாஸ்டுடியோவின் பெரிய குறை, பிரேம் பிரேமாக நகர்த்தும்போது இசை அறுந்துபோவது. பாதித் தாவல்களை நான் காதால் தாவுகிறவன். அதற்காகவே அட்டவணையில் பார்த்த ஒவ்வொன்றையும் முழு வேகத்தில் ஐம்பது முறை ஆடுகிறேன்.

4-2 இப்போது பத்துக்கு எட்டு முறை சரியாக வருகிறது. அடுத்து 8-4.