பக் வேட்டை: காசுப் போட்டியா, லிப்ரெஆபீஸா?

செயலியில் பக் (பிழை) பிடித்துக் கொடுக்க ஆசைப்படுபவருக்கு இரண்டு வழி. ஒன்று, யூடெஸ்ட் போன்ற தளங்களில் காசுக்குச் சோதிப்பது. 2007-இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2014-இல் அப்ளாஸ் எனப் பெயர் மாறியது. சோதனையாளர் குழுவுக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்தது. இன்னொன்று, லிப்ரெஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் புதிய பதிப்பு வருவதற்கு முன் தன்னார்வலர்கள் நடத்தும் பக் வேட்டை. இரண்டிலும் இருந்துவிட்டு இப்போது லிப்ரெஆபீஸோடு நின்றுவிட்டேன்.

காசு முதலாவதில் மட்டும்தான். கைவசம் நாலைந்து போன் இருப்பவருக்கு அங்கே வாய்ப்பு கூடும். லிப்ரெஆபீஸுக்கு ஒரு மடிக்கணினி போதும்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: வேலை முடிந்தபின் என் பெயரில் என்ன மிஞ்சுகிறது? காசுப் போட்டிகளில் பெரும்பாலும் ரகசிய ஒப்பந்தம் உண்டு. எவ்வளவு நல்ல ரிப்போர்ட் எழுதினாலும் நேர்முகத் தேர்வில் எடுத்துக் காட்ட முடியாது. அதே பக்கை இன்னொருவர் சற்று முன்னதாகப் பதிந்திருந்தால் ‘டூப்ளிகேட்’ என்று தள்ளிவிடுவார்கள். ராத்திரி கண் விழித்தது வீண்.

லிப்ரெஆபீஸின் பக்குகளைப் பதியும் தளமான பக்ஸில்லாவில் எல்லாம் திறந்தவெளி. நாம் பதியும் பக் முதலில் ‘அன்கன்ஃபர்ம்டு’ நிலையில் நிற்கும். வேறொருவர் தன் கணினியில் செய்து பார்த்து, அவருக்கும் வந்தால்தான் ‘நியூ’ ஆகும். நாம் எழுதிய ஸ்டெப்ஸ் தெளிவாக இல்லையென்றால் ‘நீட்இன்ஃபோ’ என்று திரும்பி வரும். ரிப்போர்ட் எழுத இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைத்ததில்லை. முந்தைய பதிப்பில் சரியாக இருந்து இப்போது கெட்டிருந்தால், பைபிசெக்ட் முறையில் பழைய பில்டுகளை (அவ்வப்போது உருவாக்கி வைத்த மென்பொருள் நகல்களை) பாதி பாதியாகக் கழித்து, எந்த மாற்றத்தில் கெட்டது என்பதுவரை நாமே பிடித்துவிடலாம். ஆண்டுகள் கழித்தும் அந்தச் சுட்டியைக் கொடுத்து ‘இது நான் பிடித்தது’ என்று சொல்லலாம்.

தமிழ் தெரிந்தவருக்கு இங்கே தனி வேலையும் இருக்கிறது. 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் எழுத்துகளைத் திரையில் சரியாக அடுக்குவது ஹார்ஃபஸ் என்ற மென்பொருள்தான். ஆனாலும் பார்க்க வேண்டியவை நிறைய. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளைச் சேர்த்தும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றைத் தேடினால் மற்றதும் கிடைக்கிறதா? பேக்ஸ்பேஸ் அழுத்தினால் எவ்வளவு அழிகிறது? இதையெல்லாம் நாம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்?

பொறுமை வேண்டும். உறுதியான பக்கூட ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாமல் கிடப்பதுண்டு. மாதச் செலவுக்குக் காசு தேவைப்படுபவரிடம் இந்தப் பக்கம் வாருங்கள் என்று சொல்லமாட்டேன். மொபைல் விளையாட்டுகளை நான் அதிகம் சோதித்ததில்லை. அதற்குக் காசுப் போட்டியே பொருத்தமாக இருக்கலாம்.

பெரிய பதிப்புகள் பொதுவாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். அதற்குச் சில வாரம் முன்னரே பீட்டா என்ற சோதனைப் பதிப்பு கிடைக்கும். சோதனை பில்டைத் தனியாக நிறுவிக்கொள்ளலாம், அன்றாடம் பயன்படுத்தும் பதிப்பைத் தொடாது.